படிக்கட்டில் இறங்கிய மழை

வேதசிரோமணியின் வீட்டுக்குள் புயல்காற்றே நுழைய வழியில்லை. கொலைகாரன் மட்டும் எப்படி நுழைந்தான்?

கூடத்தின் நடுவில் நின்று காந்திமதி சுற்றிலும் பார்த்தாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். பின்கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை. முன்வாசல் கிரில் கதவில் உள்பக்கமாகத் தொங்கிய பூட்டை உடைத்தது போலீஸ். வாசற்படியில் மணல் மூட்டைகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. போன புயலன்று இவ்வளவையும் செய்து முடித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதசிரோமணி, மறுநாள் காலையில் தன் மொட்டை மாடியில் மண்டை பிளந்து கிடந்தார். கழுத்தில் வெட்டு. கையை நீட்டித் தடுத்திருக்கிறார். விரல்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்தன. கீழே பீரோ திறந்திருந்தது. நகைகள் இல்லை. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் உயிரோடு இருக்கிறார்.

"வூடு கட்டுங்க வாத்தியாரேன்னா ஜெயில் கட்டிக்கினு குந்தியிருக்காரு" என்றான் சின்னப்பன். "ஜெயில்ல கூட காத்து வர ஒரு ஓட்டை வச்சிருப்பான் மேடம்."

தாம்பரத்தில் சைக்கிள் கடைக்கு மேல் இருக்கும் காந்திமதியின் துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் உதவியாளன், ஓட்டுநர், காவல்காரன் எல்லாம். ஆட்டோ அவனுடையது. அதன் மீட்டர் ஓடாது. அவன் வாய் நிற்காது. காந்திமதி இந்தத் தொழிலுக்கு வருமுன் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புயல் சேதக் கணக்குகளைச் சரிபார்த்தவள். நல்ல கூரையைத் தானே பிரித்துப் போட்டுவிட்டுக் காற்று பிரித்தது என்பவர்களைப் பார்த்துப் பார்த்து, மனிதன் பேச்சை விட ஈரச் சுவர் சொல்வதை நம்பப் பழகியிருந்தாள்.

வாசலில் சரசு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அவள் புருஷன் துரைதான் இப்போது லாக்கப்பில் கிடப்பவன். கோவிலம்பாக்கம் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் இந்த நகரில், மழைக்காலம் வந்தால் தகரக் கூரைக்குக் கயிறு கட்டுவதும், வீட்டின் மேல் சாயும் தென்னையில் மட்டை கழிப்பதும் துரையின் வேலை. கொலை நடந்த அன்று இந்த வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் வேலை பார்த்தான். அன்றோடு அவன் அரிவாளைக் காணவில்லை. வெட்டு அரிவாள் வெட்டு. போலீசுக்கு அது போதுமாக இருந்தது. ஒப்புக்கொள்ளச் சொல்லி இரவும் பகலும் அடிக்கிறார்கள் என்று சரசு சொல்லியிருந்தாள். சோறு கொடுக்கப் போனபோது, அவனால் தட்டைப் பிடிக்க முடியவில்லை.

"அது மாடி ஏறுனது நெசம் மேடம்" என்று அவள் தாம்பரத்துக்கு வந்து சொன்ன அன்று அழக்கூட இல்லை. "எறங்கி வந்து எங்கூட குந்திகினு கஞ்சி குடிச்சதும் நெசம். ரெண்டாவதை யாரும் எய்திக்க மாட்டேன்றாங்க."

வெளியே மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த புயல் மாலைக்குள் கரை கடக்கும் என்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. தெருவில் ஆளாளுக்கு ஆன்டெனாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

காந்திமதியின் கண் படிக்கட்டில் நின்றது.

ஒவ்வொரு படியிலும் ஒரு சாமான். டிரங்குப் பெட்டி, பருப்பு டின்கள், டேபிள் ஃபேன், மேலே போகப் போக அரிசி மூட்டை, புத்தகக் கட்டு. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்தப் பள்ளத்தில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஏரி நிரம்பினால் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வரும். அதனால் புயல் என்றதும் வீட்டுச் சாமான் படிக்கட்டில் ஏறிவிடும். வெள்ளம் ஒரு படி ஏறினால் சாமானும் ஒரு படி ஏறும்.

அவள் அரிசி மூட்டைக்குள் கையை விட்டாள். கை வெளியே வந்தபோது பிசுபிசுவென்று முளைவிட்ட அரிசி ஒட்டியிருந்தது.

"சின்னப்பா, கூடத்துச் சுவரைப் பாரு. வெள்ளம் வந்த கோடு இருக்கா?"

"இல்ல மேடம். சுண்ணாம்பு புச்சாதான் கீது."

"கீழே தண்ணி வரலை. மேல்படி அரிசி எப்படி நனைஞ்சது?"

 இருவரும் மாடிக்கு ஏறினார்கள். மாடிக் கதவைத் தாண்டியதும் கணுக்கால் வரை தண்ணீர். இன்றைய தூறலுக்கு அவ்வளவு தண்ணீர் நிற்கக் கூடாது. காந்திமதி கைப்பிடிச் சுவரின் மூலையில் குனிந்து, மழைத்தண்ணீர் வெளியே போகும் குழாய்க்குள் விரலை விட்டாள். அடைத்திருந்தது. சின்னப்பன் ஒரு கம்பியைக் கொண்டுவந்து குத்தி இழுத்தான். புட்டிக்கு மூடி போல ஒரு சுருள் வந்தது. கோணிச் சாக்குத் துண்டு. அதைச் சுற்றிக் கட்டுக்கம்பி இறுக்கி முறுக்கியிருந்தது. மாடித் தண்ணீர் ஹோவென்று குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடியது.

காற்று இலையைக் கொண்டுவந்து குழாயை அடைக்கும். கம்பி சுற்றி முறுக்காது.

காந்திமதி அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "போலீஸ் ரத்தத்தைப் பார்த்தாங்க. தண்ணியைப் பார்க்கலை. வெட்டுறதுக்கு முன்னாடி கொலைகாரன் இந்த வீட்டுக்குள்ள நுழையவே இல்லை சின்னப்பா. குழாயை அடைச்சுட்டு இங்கேயே நின்னிருக்கான். மாடி ரொம்பி, தண்ணி கதவுக்கு அடியில புகுந்து படிக்கட்டுல இறங்கியிருக்கு. அரிசி நனையுதுன்னா எந்த வீட்டுக்காரர் சும்மா இருப்பார்? அவரே தாழ்ப்பாளைத் திறந்துக்கிட்டு வெட்டு வாங்க வந்திருக்கார். அப்புறம்தான் திறந்த கதவு வழியா இறங்கி நகையை எடுத்திருக்கான்."

சின்னப்பன் அடுத்த வீட்டு மாடியைப் பார்த்தான். ஒரு தாவல் தூரம்தான். "இன்னைக்கு அங்க தானே மேடம் நமக்கு டியூட்டி?"

அங்கேதான். பக்கத்து வீட்டுச் சாம்பசிவன் நேற்று தாம்பரத்துக்கே நேரில் வந்திருந்தார். அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொலை நடந்த அன்று சாயங்காலம் துரையோடு வெளியூர் ஆள் ஒருவன் பேசிக்கொண்டிருந்ததைத் தான் பார்த்ததாகவும், அதைப் போலீசிடம் சொல்லிவிட்டதாகவும், அந்தக் கூட்டாளி அடுத்த புயலில் தன்னைத் தீர்க்க வருவான் என்றும் சொன்னார். அவனைப் பிடித்தால் உங்களுக்கும் கேஸ் முடியும், நீங்களும் உங்கள் ஆளும் வீட்டில் கூட இருந்தால் போதும் என்றார். சரசுவின் கேஸுக்கு அந்தக் கூட்டாளி தேவைப்பட்டதால் காந்திமதி ஒப்புக்கொண்டாள். இரண்டு பேர் சேர்ந்து கொன்றார்கள் என்பது சாம்பசிவனின் கணக்கு. ஒருவனே கொன்றான், அவன் துரை இல்லை என்பது சரசுவின் கணக்கு. எது சரி என்று சொல்லக்கூடியவன் அந்த இன்னொருவன் ஒருவன்தான்.

சரசுவை வேதசிரோமணி வீட்டு வாசலிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, காந்திமதி மெயின் ரோட்டு மளிகைக் கடையிலிருந்து இன்ஸ்பெக்டர் ஞானையாவுக்கு போன் செய்தாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு, ரோட்டில் தண்ணீர் ஏறுவதற்குள் ஜீப்பில் ஒரு நடை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

சாம்பசிவன் வீட்டில் ஏற்பாடுகள் இன்னும் பிரமாதமாக இருந்தன. அவரே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஜன்னல்களுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தார். கதவிடுக்குகளில் துணி திணித்திருந்தார். மெழுகுவத்தி, தீப்பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் தயார். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, அதன் மேல் அரிசி மூட்டை, டின்கள், பெட்டிகள். சாப்பாட்டு மேஜை மேல் மிக்ஸியும் பாத்திரங்களும். டி.வி. பீரோவின் தலையில் உட்கார்ந்திருந்தது. மனைவியைச் சிங்கப்பெருமாள் கோவிலில் மைத்துனி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். கையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புத் தண்ணீர்க் குழாய்த் துண்டு. அதை அவர் கீழே வைக்கவே இல்லை.

"அரிசி மூட்டைக்குக் கட்டில், எனக்குத் தரையா சார்?" என்றான் சின்னப்பன். உட்கார வேறு இடம் இல்லாமல் படிக்கட்டின் நாலாவது படியில் குந்தி, மடியிலிருந்து வடைப் பொட்டலத்தைப் பிரித்தான்.

காற்று வந்துவிட்டது. முதலில் தெருக்கோடி வேப்பமரம் முறிந்த சத்தம். பிறகு எங்கோ ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. கரண்ட் போயிற்று. பலகை அடித்த ஜன்னல்களுக்கு வெளியே மழை கல்லெறிவது போல விழுந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாம்பசிவன் நடந்துகொண்டே பேசினார். வேதசிரோமணி நல்ல மனிதராம். பிடிவாதம் மட்டும் அதிகமாம். ஏரியின் உபரித்தண்ணீர் போகும் வாய்க்காலை யாரோ தூர்த்து மனை போட்டு விற்கிறார்கள் என்று ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்துக்கொண்டு அலைந்தாராம். யார் விற்கிறார்கள் என்று காந்திமதி கேட்டதற்கு, அது யாருக்குத் தெரியும், எல்லாம் பினாமி என்றார். பிறகு பேச்சைத் துரையிடம் திருப்பினார். அவனுக்குத் தூக்குதான் சரி, சோறு போட்ட வீட்டில் இப்படிச் செய்தவனை நடுத்தெருவில் வெட்ட வேண்டும் என்று பல்லைக் கடித்தார்.

சின்னப்பன் வடையோடு துள்ளி எழுந்தான். வேட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"மேடம், எனக்கு வயசாயிடுச்சா, இல்ல வூடு ஒழுகுதா?"

படிக்கட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. படிக்குப் படி வழிந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டு வந்தது.

காந்திமதி டார்ச்சைக் கையில் எடுத்தாள். வந்துவிட்டான். வேதசிரோமணி மேலே போனதும் இப்படித்தான்.

சாம்பசிவனிடம் பயம் தெரியவில்லை. மாடிக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். காந்திமதி தடுத்தாள். தானும் சின்னப்பனும் முன்னால் போவதாகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. குழாய்த் துண்டை ஓங்கிப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார்.

"நீங்க என் பின்னாடியே வாங்க" என்றார் திரும்பிப் பார்க்காமல். "என்ன நடந்தாலும் உங்க கண்ணால பாருங்க. அது போதும்."

காந்திமதி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். காலடியில் தண்ணீர் ஓடியது. ஒரு படி. அடுத்த படி. அதற்கடுத்த படி. எதிலும் எதுவும் தட்டவில்லை. இடறவில்லை. டார்ச் வெளிச்சம் கீழிருந்து மேல் வரை வெறும் சிமெண்டில் வழுக்கிக்கொண்டு போனது.

வெறும் படிக்கட்டு.

அவளுக்கு அது உறைத்தபோது சாம்பசிவன் தாழ்ப்பாளை இழுத்துவிட்டார்.

கதவு திறந்தது. வெளியே இடுப்பை வளைத்து, கோணிச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். காற்றில் சாக்கு பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகளில் ஆயுதம் இல்லை. முகத்தில் கோபம் இல்லை. தெரிந்த மனிதரைப் பார்த்த சிரிப்புதான் இருந்தது.

"இன்னா சார், வரச் சொல்ட்டு இம்மா நேரமா..."

குழாய்த் துண்டு அவன் நெற்றிப்பொட்டுக்கு மேல் இறங்கியது. தேங்காய் உடைவது போன்ற சத்தம். அவன் முட்டி போட்டான். சாக்கு பறந்துபோனது. ரத்தம் மழையில் கலந்து முகமெல்லாம் வழிந்தது. சாம்பசிவன் இரண்டாவது தடவை ஓங்கினார். அவன் கழுத்தைத் திருப்பிக்கொள்ள, அடி தோளில் விழுந்து குழாயின் கூரான விளிம்பு காதுக்குக் கீழே சதையைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

மூன்றாவது அடி விழவில்லை. காந்திமதி பின்னாலிருந்து குழாயைப் பிடித்துத் தொங்கினாள். அவர் முழங்கையைப் பின்னால் இடித்தார். அவள் உதடு பிளந்தது. ஒரு பல் நாக்கில் தனியாக வந்து விழுந்தது. பிடி நழுவி, அவள் கீழ்ப்படிகளில் உருண்டாள். சின்னப்பன் அவளைத் தாண்டி மேலே பாய்ந்தான். குழாய் பக்கவாட்டில் சுழன்றது. அவன் இடது கை, முழங்கைக்குக் கீழே, இருக்கக் கூடாத ஒரு கோணத்தில் மடங்கியது. அவன் அலறவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"விடுடா. அவனை முடிக்கணும்" என்றார் சாம்பசிவன். அறுபது வயது மனிதரின் குரல் இல்லை அது.

தரையில் கிடந்தவன் தண்ணீருக்குள் தவழ்ந்து விலகப் பார்த்தான். சாம்பசிவன் விழாமல் இருக்க இடது கையால் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, வலது கையை ஓங்கினார். காந்திமதி படியில் ஊன்றி எழுந்து மேலே வந்தாள். இரும்புத் தகடு அடித்த மாடிக்கதவு, திறந்த வேகத்தில் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் கொக்கியைத் தட்டிவிட்டாள்.

புயல் கதவைத் தூக்கி நிலையில் அறைந்தது. நடுவில் சாம்பசிவனின் விரல்கள் இருந்தன.

குழாய்த் துண்டு படிகளில் கணகணவென்று உருண்டு போனது. அவர் கத்திய கத்தல் காற்றையும் மீறிக் கேட்டது. கதவைத் திறந்தபோது கையில் விரல்கள் இருந்தன, எலும்பு இல்லை. சின்னப்பன் நல்ல கையால் அவர் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தான். கூடத்தில் சுருண்டு கிடந்த கட்டுக்கம்பியைக் கொண்டே அவரை ஜன்னல் கிரில்லோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"திருடன்" என்றார் சாம்பசிவன் மூச்சிரைக்க. "என்னைக் கொல்ல வந்தான். நீங்களே பார்த்தீங்க. துரையோட கூட்டாளி இவன்தான். தற்காப்புக்கு அடிச்சேன்."

காந்திமதி வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினாள். மாடிக்கதவுக்கு மேலிருந்த பரணில், பழைய டின்களுக்குப் பின்னால் பாலிதீன் சுற்றிய ஓர் அரிவாளை அவள் எடுத்து வந்திருந்தாள். சாகப்போகிறவன் கையில் வைப்பதற்கு அது அங்கே காத்திருந்தது.

"இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் சாமான் படிக்கட்டுல இருக்கு சார்" என்றாள். "உங்க வீட்ல மட்டும் கட்டில் மேல இருக்கு. வெள்ளம் கீழேயிருந்து வரும்னு பயப்படறவங்க படியில வைப்பாங்க. தண்ணி மேலேயிருந்து வரும்னு முன்னாடியே தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். எங்களைச் சாட்சியா மேலே கூட்டிட்டுப் போகக் குழாயை நீங்களே அடைச்சிருக்கீங்க. அரிசி நனையக் கூடாதுன்னு பார்த்தீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டீங்க."

அவர் அவள் கையிலிருந்த அரிவாளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"படிக்கட்டு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமா? அரிவாள் துரையோடது. கொண்டு வந்தவன் இவன். செத்தவன் பேச மாட்டான். உங்க துரை தொங்குவான், போங்க."

மேலே கிடந்தவன் இன்னும் சாகவில்லை. அவனைத் தூக்கிக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார்கள். வண்டலூர் ரவி என்று சின்னப்பனுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது; காசு கொடுத்தால் கை கால் எடுப்பவன், இரண்டு தடவை உள்ளே போய் வந்தவன். நெற்றி வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. காதுக்குக் கீழே இருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது.

சத்தம் கேட்டு முழங்கால் தண்ணீரில் ஓடிவந்த சரசுவுக்குக் காந்திமதி கதவைத் திறந்துவிட்டாள். ஈரப் புடவை உடம்பில் ஒட்ட, வாசற்படியில் நின்று முதலில் அரிவாளைப் பார்த்தாள். கைப்பிடியில் சுற்றியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். அது அவள் புடவைக் கிழிசல். பிறகு ரவியைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் போய் நின்றாள்.

காந்திமதி அவள் கையைப் பிடிக்கவில்லை.

"வெட்டிடு சரசு. நான் தடுக்க மாட்டேன். ஆனா இவன் செத்தா, துரை செய்யலைன்னு சொல்ல உலகத்துல வேற ஆள் இல்லை."

அரிவாள் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் ரவியின் முகத்தில் சொட்டியது. சரசு அதைத் தூக்கி மூலையில் எறிந்தாள். முந்தானையைச் சுருட்டி, உட்கார்ந்து, தன் உள்ளங்கையை அந்தக் கழுத்தில் வைத்து அழுத்தினாள்.

இனி ஒரு நிமிஷமும் அங்கே நிற்க முடியாது. சாம்பசிவனின் கட்டிலிலிருந்து அரிசி மூட்டையைக் காந்திமதி உருட்டிக் கீழே தள்ளினாள். எதிர்வீட்டிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்து, ரவியை அதில் கிடத்திப் பிடித்தார்கள். சின்னப்பன் உடைந்த கையை மார்போடு துண்டால் கட்டிக்கொண்டு, சாம்பசிவனுக்கு எதிரில் படிக்கட்டில் குழாய்த் துண்டோடு உட்கார்ந்தான். தனியாக இருந்துவிடுவாயா என்று காந்திமதி கேட்டாள்.

"சார் எங்க மேடம் போவாரு? அவரு கட்டுன கோட்டை, அவரே பூட்டுன பூட்டு" என்றான். வலியில் உதடு வெளுத்திருந்தது. "தண்ணி ஏறுனா நான் ஒரு படி ஏறுவேன். அவருக்குத்தான் படி இல்ல."

தெரு ஆறாக ஓடியது. கட்டிலைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டு அண்ணன் தம்பியும் காந்திமதியும் மெயின் ரோட்டை நோக்கி நடந்தார்கள். சரசு கட்டிலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கையை உயரத் தூக்கி அவன் கழுத்தில் அழுத்தியபடியே வந்தாள். அறுந்த கரண்ட் கம்பி ஒன்று வேலியில் தொங்கியது. ஒரு தென்னை மட்டை பறந்து வந்து தம்பியின் முதுகில் அடித்தது. அவன் முட்டி மடங்க, கட்டில் சாய்ந்தது. சரசுவின் கை மட்டும் நகரவில்லை.

பாதி வழியில் ரவியின் கண் செருகியது. சரசு மற்றக் கையால் அவன் கன்னத்தில் அறைந்தாள்.

"தூங்காதடா. என் புருஷனை முழிக்க வச்சு அடிக்கிறாங்க. நீ தூங்குவியா?"

அவன் கண் திறந்தது. மறுபடி செருகியது. மறுபடி அறைந்தாள். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் எத்தனை அறை என்று யாரும் எண்ணவில்லை. அவன் பல்லெல்லாம் சிவந்திருந்தது.

மேட்டில் ஜீப் நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் ஞானையா ரெயின் கோட்டோடு இறங்கி ஓடிவந்தார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும், முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றார். காந்திமதி குறுக்கே நின்றாள். வழியில் செத்துவிட்டால் என்ன செய்வீர்கள், இரண்டு நிமிஷம் கேளுங்கள் என்றாள். ஞானையா கட்டில் பக்கம் குனிந்தார். மழைச் சத்தத்தில் காதை அவன் வாயருகே வைக்க வேண்டியிருந்தது.

ரவி பேசினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் சரசுவின் விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. வாய்க்காலைத் தூர்த்து மனை விற்றது சாம்பசிவன்தான். வாத்தியார் அதைக் கண்டுபிடிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அன்று குழாயை அடைத்தது சாம்பசிவன், வெட்டியது ரவி. வேலைக்கு வந்த துரை கழற்றி வைத்த அரிவாளைத் தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், வெட்டிய பிறகு திரும்ப வாங்கிக்கொண்டதும் சாம்பசிவன். திருட்டுப் போலத் தெரிவதற்காக நகைகளை எடுத்தார்கள். அதில் பங்கு தருகிறேன், புயலில் யாரும் பார்க்க மாட்டார்கள், மாடி வழியாக வா என்று இன்று அழைத்ததும் அவரேதான்.

"துரை?" என்றார் ஞானையா.

"அந்தாளை நான் கண்ணால பார்த்ததே இல்ல சார்."

ஞானையா நிமிர்ந்தார். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்தது. சரசுவின் முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. வயர்லெஸ்ஸில் ஸ்டேஷனைக் கூப்பிட்டார். துரை மேல் இனி யாரும் கை வைக்கக் கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றார். இரண்டு கான்ஸ்டபிள்களைச் சாம்பசிவன் வீட்டுக்கு அனுப்பினார். ரவியை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். சரசுவும் கையை எடுக்காமலே கூட ஏறினாள்.

"போதும்மா" என்றார் ஞானையா தணிந்த குரலில். "கையை எடு, இனி நாங்க பார்த்துக்கறோம். நீ ஸ்டேஷனுக்குப் போய் உன் புருஷனைப் பாரு. நான் சொல்லிட்டேன், விடுவாங்க."

சரசு ரவியின் கழுத்தைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் மணிக்கட்டு வரை சிவப்பாக இருந்தது. அழுத்தம் குறையவில்லை.

"உங்க காதுல சொன்னான் சார். ஜட்ஜு காதுல இன்னும் சொல்லல" என்றாள். "வண்டியை எடுங்க. அதுவரைக்கும் இவன் உசுரு என்னுது."